கை வைக்காத இன்ஜினா, உரிமையாளரே பிரித்துக் கட்டிய இன்ஜினா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடி அலைபவர் எவரும் ஒரு கட்டத்தில் இந்த வாசகத்தைச் சந்தித்தே தீருவார்: "இன்ஜின் முழுவதும் பிரித்துக் கட்டியது, வேலையை நானே பார்த்தேன், அதற்குப் பிறகு ஓடியது சில நூறு கிலோமீட்டர்தான்." விற்பவர் அதைக் காரின் முதல் சிறப்பாகச் சொல்கிறார். வாங்க வந்தவருக்கோ அதைக் கேட்டதும் ஆசையும் அச்சமும் சேர்ந்தே எழுகின்றன. அதே மாடலில், ஏறக்குறைய அதே நிலையில், இன்னும் இரண்டு கார்கள் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று, தொழிற்சாலையில் பூட்டிய இன்ஜினில் இன்றுவரை யாரும் கை வைக்காமல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைக் கடந்த கார். மற்றொன்று, இன்ஜின் வேலையையே தொழிலாகக் கொண்ட பட்டறை ஒன்றில் கட்டப்பட்டு, ரசீதும் உத்தரவாதமும் கையில் உள்ள கார். இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதே இங்கே பேசப்படும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் கட்டினார் என்பதற்காக ஓர் இன்ஜினை ஒதுக்குவதும் தவறு, பட்டறையில் கட்டினார்கள் என்பதற்காக நம்புவதும் தவறு. எது அளக்கப்பட்டது, அந்த அளவை யார் எழுதி வைத்தார்கள், கட்டிய பிறகு அந்த இன்ஜின் எவ்வளவு தூரம் ஓடியது என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும் காரை வாங்கலாம். விடை கிடைக்காத காரை, அதில் இன்ஜினே இல்லை என்று கருதித்தான் விலை பேச வேண்டும்.

முதலில், 'பிரித்துக் கட்டியது' என்ற சொல்லுக்கு விற்பவர் என்ன பொருள் கொள்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வால்வுகளைத் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டு மூடியதையும் சிலர் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். பிஸ்டனும் பேரிங்கும் அப்படியே பழையவையாக இருக்கும். இன்னும் சிலர், கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கி, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங்குகளை மட்டும் மாற்றியிருப்பார்கள். 2000 முதல் 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ. இ46 எம்3 காரில் இது பலரும் முன்னெச்சரிக்கையாகச் செய்யும் வேலை. 8000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுழலும் அந்த 3.2 லிட்டர் எஸ்54 இன்ஜினின் ராட் பேரிங்குகளை ஆரம்ப ஆண்டுக் கார்களில் கம்பெனியே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. அது நல்ல வேலைதான், செய்திருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் இன்ஜினைக் காரிலிருந்து இறக்காமலேயே செய்யக்கூடிய வேலை அது. சிலிண்டரை அளந்து, கிராங்கை லேத்தில் சரிபார்த்து, ரிங், பேரிங், ஆயில் பம்ப், செயின் எல்லாவற்றையும் புதுப்பித்த வேலையோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

உரிமையாளர் தம் கையால் கட்டும் இன்ஜினில் உள்ள ஆபத்தும் நன்மையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் ஜர்னலுக்கும் (கிராங்கில் பேரிங் அமரும் வழவழப்பான பகுதி) அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் இன்ஜினின் சுமை முழுவதும் மிதக்கிறது. இடைவெளி கூடினால் ஆயில் பிரஷர் இறங்கும். குறைந்தால் படலமே உருவாகாமல் உலோகம் உலோகத்தோடு உரசும். பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் அப்படித்தான். 85 மில்லிமீட்டர் சிலிண்டருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டிய அந்த இடைவெளி குறைந்துபோனால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டு சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். இரண்டாவது ரிங்கில் மேற்புறத்தைக் காட்டும் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைக் கவனிக்காமல் தலைகீழாக மாட்டினால், ஆயிலைக் கீழே வழித்துவிட வேண்டிய ரிங் மேலே ஏற்றிவிடும், புதிதாகக் கட்டிய இன்ஜின் முதல் நாளிலிருந்தே ஆயில் குடிக்கும்.

நாள்தோறும் இன்ஜின் கட்டுபவருக்கு இவையெல்லாம் கைப்பழக்கம். முதன்முறையாகக் கட்டுபவருக்கு ஒவ்வொன்றும் ஒரு பொறி. ஆனால் நேரம் என்ற ஒன்று உரிமையாளரிடம் இருக்கிறது, பட்டறையிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. வார இறுதி முழுவதும் உட்கார்ந்து ஆயில் வழிகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும், ஒரே அளவை மூன்று முறை எடுத்துப் பார்க்கவும், சந்தேகம் வந்தால் மறுபடி கழற்றவும் அவருக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இன்ஜின் கட்டுவதில் பாதி வேலை சுத்தம்தான். மணல் அல்லது கண்ணாடித் துகள் அடித்து மெருகேற்றிய ஹெட்டின் உள்வழியில் ஒட்டிக்கொண்ட சில துகள்கள் போதும், புது பேரிங் முழுவதையும் சில மணி நேரத்தில் அரைத்துவிடும்.

இந்த வேறுபாட்டை நான் நேரில் உணர்ந்தது இரண்டு கார்களை அடுத்தடுத்த வாரங்களில் பார்க்கப் போனபோது. முதல் காரின் உரிமையாளர் தம் அலைபேசியில் படங்களைக் காட்டினார். பளபளக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்த வால்வு கவர், மெருகேற்றிய குழாய்கள், புதிய ஹோஸ்கள் என எல்லாமே அழகாக இருந்தன. இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் இன்ஜினின் உட்புறம் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. பேரிங் இடைவெளி எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்டேன். "கம்பெனி அளவுதான்" என்றார். அளந்தீர்களா என்று கேட்டதற்கு, புது பேரிங்குக்கு அளவு பார்க்கத் தேவையில்லை என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பியிருந்தார். அதனால்தான் எனக்குக் கவலை அதிகமாயிற்று.

இரண்டாவது காரின் உரிமையாளர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் எடுத்த ஆறு அளவுகள் அதில் இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் ரிங் இடைவெளிக்கு நேரே 0.24 என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் '0.33, மறுபடி தேய்த்தது' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஆயில் படிந்த பெருவிரல் ரேகை ஒன்று அப்படியே இருந்தது. லேத் பட்டறை கிராங்குக்குக் கொடுத்த அளவுச் சீட்டையும், மறுமுறை பயன்படுத்தக் கூடாத ஹெட் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிய ரசீதையும் அதற்குள்ளேயே பின் செய்து வைத்திருந்தார். அடித்துத் திருத்திய அந்த ஒரு வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது. தவறு நேர்ந்த இடத்தை எழுதி வைத்திருப்பவர் அதைச் சரிசெய்தும் இருப்பார் என்று எண்ணினேன்.

அளவுக்கு அடுத்து, இன்ஜினை ஏன் பிரிக்க நேர்ந்தது என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் வருபவர்களே அதிகம். ஆயில் குடித்ததால் ரிங் மாற்றினேன் என்பது ஒரு கதை. பேரிங் தன் இருக்கையை விட்டுச் சுழன்று கிராங்கைத் தின்றதால் கட்டினேன் என்பது முற்றிலும் வேறு கதை. பேரிங் உடைந்த இன்ஜினில் உலோகத் துகள்கள் ஆயிலோடு சுற்றி எல்லா இடத்துக்கும் போயிருக்கும். சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதியான பிளாக்கைக் கழுவிவிடலாம், ஆயில் கூலரின் நுண்ணிய அடுக்குகளுக்குள் சிக்கிய துகள்களை முழுமையாக எடுப்பது மிகக் கடினம். டர்போ இருந்தால் அதன் பேரிங்கிலும் அதே துகள் புகுந்திருக்கும். ஆகவே இத்தகைய பழுதுக்குப் பிறகு கட்டிய இன்ஜினில் ஆயில் கூலர் புதிதா என்று கேளுங்கள். பழைய கூலரையே கழுவிப் போட்டேன் என்றால், நான் அந்தக் காரிலிருந்து விலகிவிடுவேன். அதேபோல, அதிகச் சூட்டினால் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஹெட்டின் தளத்தை அளந்து சமப்படுத்தினார்களா என்பதும், சூட்டுக்கு மூல காரணமான ரேடியேட்டரோ வாட்டர் பம்ப்போ மாற்றப்பட்டதா என்பதும் தெரிய வேண்டும். காரணம் தெரியாமல் கட்டிய இன்ஜின் அதே காரணத்தால் மறுபடியும் போகும்.

கை வைக்காத இன்ஜினுக்கு வருவோம். அதன் பெரிய பலம், தொழிற்சாலை கட்டியதை ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் சோதித்துக் காட்டியாயிற்று என்பது. கட்டுமானத் தவறு ஏதேனும் இருந்திருந்தால் அது எப்போதோ வெளிப்பட்டிருக்கும். மிச்சமிருப்பது தேய்மானம் மட்டுமே. தேய்மானம் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும்: ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், புகை தள்ளும், இழுவை மெல்லக் குறையும். புதிதாகக் கட்டிய இன்ஜினில் உள்ள தவறோ முதல் ஓரிரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் திடீரென்று வெளிப்படக்கூடியது. அதனால், கட்டி 300 கிலோமீட்டர் ஓடிய கார் என்பது வாங்குபவருக்குச் சாதகமான செய்தி அன்று. அந்தச் சோதனைக் காலத்தை நம் செலவில் கழிக்கச் சொல்கிறார்கள் என்றே அதற்குப் பொருள். அதே உரிமையாளர் கட்டிய பிறகு 15,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், என் கணக்கில் அந்த இன்ஜினின் மதிப்பு பல மடங்கு உயர்கிறது. விற்பதற்காகக் கட்டினாரா, ஓட்டுவதற்காகக் கட்டினாரா என்ற ஐயத்துக்கும் அந்த ஓடுமீட்டரே விடை சொல்லிவிடும்.

பட்டறையில் கட்டிய இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உத்தரவாதம் கார் கைமாறும்போது புதிய உரிமையாளருக்கும் செல்லுமா, அல்லது முதலில் பணம் கொடுத்தவரோடு முடிந்துவிடுமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் அந்தப் பட்டறையையே அழைத்துக் கேட்க வேண்டும். அளவுச் சீட்டைத் தர மறுக்கும் பட்டறையின் ரசீது, செலவான தொகைக்கு மட்டுமே சான்று.

எந்தக் கார் என்பதும் முடிவை மாற்றும். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரின் இன்ஜின் வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது, எளிமையான கட்டமைப்புடையது, பொறுமையுள்ள ஒருவர் கையேட்டைப் பின்பற்றி வீட்டிலேயே நன்றாகக் கட்டிவிடக்கூடியது. அளவுக் குறிப்பு இருக்குமானால் அதில் உரிமையாளர் கட்டிய இன்ஜினைத் தயங்காமல் எடுப்பேன். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: 1991 வரையிலான ஆரம்பக் காலக் கார்கள் சிலவற்றில் கிராங்கின் முன்முனை குட்டையானது, அங்கே போல்ட் தளர்ந்து சாவிக்குழி தேய்ந்துபோகும் குறை உண்டு. இன்ஜின் ஓடும்போது முன்புறக் கப்பி ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 வேறு வகை. அதன் எஃப்20சி இன்ஜின் 9000 ஆர்.பி.எம். அளவுக்குச் சுழலக்கூடியது, சிலிண்டர் சுவர் இழை கலந்த உலோகத்தால் ஆனது. இரும்புப் பிளாக்கைக் கொடுத்து வாங்குவதைப் போல எந்த லேத்திலும் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிவிட முடியாது; பிஸ்டனும் அந்தச் சுவருக்குப் பொருந்தும் வகையாக இருக்க வேண்டும். இங்கே உரிமையாளரின் கவனம் மட்டும் போதாது, அவர் எந்த லேத்தை நாடினார் என்பதும் தெரிய வேண்டும்.

போர்ஷே 996, முதல் தலைமுறை பாக்ஸ்டர் ஆகியவற்றின் எம்96 இன்ஜினில் நான் இன்னும் கடுமையாக இருப்பேன். கிராங்கின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குக் கடத்தும் இடைத்தண்டின் பேரிங் உடைவதும், சிலிண்டர் சுவர் கீறல் விழுவதும் அதன் அறியப்பட்ட குறைகள். 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் அந்த இடைத்தண்டே நீக்கப்பட்டது. எம்96 பிளாக்கைப் பிரித்துச் சேர்க்கவும் கேம் டைமிங்கைப் பூட்டவும் தனிக் கருவிகள் தேவை. அந்தக் கருவிகளின் படமோ வாடகை ரசீதோ இல்லாத வீட்டு வேலையை ஏற்க மாட்டேன். அந்தக் காரில் கை வைக்காத இன்ஜினோ, இதே இன்ஜினில் அனுபவமுள்ள பட்டறையின் வேலையோதான் என் தேர்வு. மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 காரில் உள்ளது போன்ற, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின்களில் கணக்கே தலைகீழ். அங்கே ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல் தேய்வது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்பதால், கை வைக்காமல் நெடுந்தூரம் ஓடிய இன்ஜினைவிட, நன்றாகக் கட்டப்பட்ட இன்ஜினே மேல். ஆனால் சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமான ஒன்றை மட்டுமே காட்டும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி மீட்டரால் சோதிக்காத காரை எடுக்கக் கூடாது.

காரைப் பார்க்கப் போகும்போது, இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் வால்வு கவர் மேல் கையை வையுங்கள். இளஞ்சூடு தெரிந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். செல்ஃப் அடித்த முதல் சில நொடிகளில் 'டொக் டொக்' என்று கேட்டு, சூடேறச் சூடேற மறைந்தால் அது பிஸ்டன் தட்டும் ஒலியாக இருக்கலாம்; ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்ட இன்ஜினில் அது இயல்பானதும்கூட. சூடேறிய பிறகும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் கூடுகிற ஆழமான தட்டொலி ராட் பேரிங்கிலிருந்து வருவது. அதற்கு மேல் அங்கே நிற்கத் தேவையில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு கணம் நீலப் புகை வந்தால் வால்வு சீல் அல்லது கைடு, இழுத்து ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் ரிங்.

காதும் கண்ணும் சொல்வதை மீட்டரால் உறுதிசெய்ய வேண்டும். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதைவிடத் தெளிவானது லீக்-டவுன் சோதனை: சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது. 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது, 20 விழுக்காட்டைத் தாண்டினால் பழுது. ஆயில் மூடியைத் திறந்ததும் சீறும் ஒலி கேட்டால் ரிங் வழியே போகிறது. சைலன்சர் வழியே கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆனால் இந்த இரண்டு சோதனைகளும் சிலிண்டரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன, பேரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் கட்டிய இன்ஜினில் எனக்கு அதிக அச்சம் தருவது பேரிங்தான். அதற்கு, சூடான இன்ஜினில் தனி மீட்டர் பொருத்தி ஆயில் பிரஷர் பார்க்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. 1995 முதல் வந்த எம்.எக்ஸ்.-5 கார்கள் பலவற்றில் அந்த முள், பிரஷர் ஒரு வரம்பைத் தாண்டியதும் நடுவில் போய் நின்றுவிடும், உண்மையான அளவைக் காட்டாது.

விற்பவர் இசைந்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்ப்பது எல்லாச் சோதனைகளிலும் மலிவானது, உண்மையானது. மடிப்புகளை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற மை போன்ற படிவு, புது ரிங் சிலிண்டரோடு பொருந்தும் காலத்தில் இயல்பு. கண்ணில் படும் வெள்ளி நிறச் செதில்களோ செம்பு நிற மினுமினுப்போ பேரிங் அரைபடுவதைச் சொல்பவை. ரப்பர் போல இழுபடும் துணுக்குகள் இருந்தால், சம்பை ஒட்டும்போது பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அது ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடந்து போய்விடும். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஈயம், செம்பு, இரும்பு, சிலிக்கான் எவ்வளவு என்று எழுத்தில் கிடைக்கும். நேற்று மாற்றிய ஆயிலில் அந்தச் சோதனையால் பயனில்லை. அது எத்தனை கிலோமீட்டர் ஓடிய ஆயில் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனி விலை. உரிமையாளர் கட்டிய இன்ஜினுக்கு அவர் செலவழித்த தொகையை விலையில் சேர்த்துக் கேட்பது வழக்கம், அவர் பட்ட பாட்டை நினைத்தால் நியாயமாகவும் தோன்றும். நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு. காரின் விலையோடு, அதே இன்ஜினை நல்ல பட்டறையில் முழுமையாகக் கட்ட ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை, நல்ல நிலையில் உள்ள கை வைக்காத காரின் விலையைத் தாண்டாவிட்டால், குறிப்புகள் அரைகுறையாக இருந்தாலும் துணிந்து எடுக்கலாம். மோசமான நிலை வந்தாலும் நட்டம் தாங்கக்கூடியது. தாண்டினால், நோட்டுப் புத்தகமும் ஓடிய தூரமும் அந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய வேண்டும். அவை இல்லாத காருக்குக் கூடுதலாக ஒரு காசும் தரக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் அந்த நாளிலேயே பார்த்துவிடுங்கள். கட்டும்போது வேறு பிளாக் போட்டிருந்தால் பின்னால் வரும் தொல்லை உங்களுடையது.

நான் இரண்டாவது காரைத்தான் எடுத்தேன். அது கட்டிய பிறகு 11,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு சிலிண்டரின் லீக்-டவுனும் 6 முதல் 9 விழுக்காட்டுக்குள் வந்தது. வாங்கிய அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அந்தப் புது ஃபில்டரையும் கழற்றி வெட்டிப் பார்த்தேன். மடிப்புகளில் துகள் ஏதுமில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தையும் அவர் காரோடு கொடுத்துவிட்டார். அவர் எழுதி முடித்த வரிக்குக் கீழே தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரில் கண்டதையும் நான் எழுதி வைத்தேன்.